பாதி உரையாடல்: சிசரோவும் அட்டிகஸும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோட்டர்டாமில் இருக்கும் என் கல்லூரி நண்பன் கூப்பிட்டான். எங்களுடையது வழக்கமான ஞாயிறு பேச்சுதான். எங்கே போய்ட்டு வந்தே, என்ன படிக்கிறே, வீட்ல யாருக்கு உடம்பு எப்படி. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அரசியல் பேசினால் சண்டை வரும், வேலையைப் பற்றிப் பேசினால் தூக்கம் வரும்.

இந்த முறை அவன் ஒன்று கேட்டான். "2019ல நான் ஊருக்கு வந்திருந்தப்போ அப்பா என் போன்லேர்ந்து உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரே, அது உன்கிட்ட இருக்காடா?"

அவனுடைய அப்பா போன வருஷம் தவறிவிட்டார். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ததால் கடைசி ஒன்றரை வருஷம் அவருக்குக் குரல் இல்லை. கல்யாண வீடியோக்களில் எல்லாம் இருக்கிறாராம். சிரிக்கிறார், கும்பிடுகிறார், பந்தியில் நின்று கவனிக்கிறார், ஆனால் மேளச் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. அந்த ஒரு வாய்ஸ் மெசேஜில்தான் முக்கால் நிமிஷம் நிறுத்தாமல் பேசியிருந்தார்.

தேடினேன். அப்போது வைத்திருந்த போன் 2021இலேயே தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அதற்கு முன்னால் ஒருநாள் எங்கள் வாட்ஸப் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஆனால் மீடியா சேர்க்கவா என்று அது கேட்டபோது, ஃபைல் பெரிதாகிவிடுமே என்று வேண்டாம் கொடுத்திருக்கிறேன். மென்பொருள் துறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் பேக்கப் விஷயத்தில் என் லட்சணம் இதுதான்.

என் நண்பனுக்குத் தட்டச்சு செய்யச் சோம்பல், எல்லாமே வாய்ஸ்தான். நான் எழுதுகிறவன். ஆக, அந்த ஃபைலில் நான் எழுதிய வரிகள் அத்தனையும் இருக்கின்றன. அவன் பேசிய இடங்களில் எல்லாம் 'மீடியா விடுபட்டது' என்று ஒரே வரி, பக்கம் பக்கமாக. "அடப்பாவி, எப்போ?" என்று நான் கேட்டிருக்கிறேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. "டாக்டர் சொன்னதை அம்மாகிட்ட இப்பவே சொல்லாதே" என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று ஃபைலில் இல்லை.

ராத்திரி ஒரு மணிக்கு அதை உருட்டிக்கொண்டிருந்தபோது, இதே மாதிரி ஒன்றை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோமே என்று தோன்றியது. சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்கள்.

எனக்கு லத்தீன் தெரியாது. ஷாக்கிள்டன் பெய்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூலத்தை அகராதி வைத்துத் தடவுகிற ஆள்தான். அதனால் கீழே எதையும் மேற்கோளாகத் தரவில்லை, விஷயத்தை மட்டும் என் வார்த்தையில் சொல்கிறேன்.

சிசரோவைத் தெரியாதவர்கள் குறைவு. ரோமக் குடியரசின் கடைசிக் காலத்துப் பேச்சாளர், வழக்கறிஞர், கி.மு. 63இல் கான்சல். அவருடைய பள்ளித் தோழர் டைட்டஸ் பொம்போனியஸ். ரோமில் ஆளாளுக்கு வெட்டிக்கொண்ட கி.மு. 80களில் இந்தப் பொம்போனியஸ் சொத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஏதென்ஸுக்குப் போனவர், ஏறக்குறைய இருபது வருஷம் அங்கேயே தங்கிவிட்டார். ஏதென்ஸ் இருக்கும் நாட்டுப்பகுதி அட்டிகா. அதனால் அட்டிகஸ். நம் ஊரில் ரங்கூன் செட்டியார் என்று சொல்வோமே, அந்த மாதிரி ஒட்டிக்கொண்ட பெயர். பெரிய பணக்காரர், புத்தகப் பித்தர், எந்தப் பதவியும் வேண்டாம் என்று ஒதுங்கியவர். அவருடைய தங்கை பொம்போனியாவைச் சிசரோவின் தம்பி குவின்டஸ் கல்யாணம் செய்துகொண்டதால் சம்பந்தியும் ஆனார்கள்.

கி.மு. 68 நவம்பரில் தொடங்கி 44 நவம்பர் வரை சிசரோ அவருக்கு எழுதியவற்றில் 400க்கு மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அட்டிகஸ் எழுதிய பதில்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

முதல் சில கடிதங்களைப் படித்தால், இதையா வரலாற்று ஆவணம் என்கிறார்கள் என்று தோன்றும். சித்தப்பா மகன் லூசியஸ் இறந்துவிட்டான். தெரென்ஷியாவுக்கு மூட்டுவலி தாங்க முடியவில்லை. இருந்தாலும் உன் அம்மாவையும் தங்கையையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். நீ வாங்கி அனுப்பிய மெகாரா சிலைகளுக்கு 20,400 செஸ்டர்ஸ் கட்டிவிட்டேன். உன் நூலகத்தை விற்பதாக இருந்தால் வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே, என் சில்லறை வருமானத்தை எல்லாம் முதுமைக்காக அதற்கென்றே சேர்த்து வைக்கிறேன். (இந்த மூட்டுவலித் தெரென்ஷியா பின்னால் சிசரோவோடு விவாகரத்தாகி, 103 வயது வரை வாழ்ந்ததாகப் பிளினி எழுதியிருக்கிறார். மூட்டுவலிக்காரர்கள் கவனத்துக்கு.)

இந்தக் கடிதங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெண் வருகிறாள். சிசரோவின் மகள் துல்லியா. அப்போது அவளுக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். அட்டிகஸ் மாமா ஏதென்ஸிலிருந்து ஏதோ ஒரு பரிசு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், அது வந்து சேரவில்லை. ஜாமீன் நின்றவன் நீதானே என்று அவள் என்மேல் வழக்குப் போடுகிறாள் என்று வக்கீல் அப்பா எழுதுகிறார். அந்தப் பரிசு என்ன என்பது அட்டிகஸின் கடிதத்தில் இருந்திருக்கும்.

அந்தக் காலத்துத் தபாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. ரோமில் தனியார் கடிதங்களுக்கு அஞ்சல்துறை என்று ஒன்று கிடையாது. வசதியுள்ளவர்கள் அடிமைகளில் ஓட்டக்காரர்களை வைத்திருந்தார்கள். மற்றபடி அந்தப் பக்கம் போகிற வியாபாரி, நண்பனின் ஆள், மாகாணங்களில் வரி வசூலிக்கும் கம்பெனிகளின் தூதர்கள், யார் கிடைத்தாலும் அவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான். பாப்பிரஸ் தாளைச் சுருட்டி, நூல் கட்டி, மெழுகில் முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். ஆனாலும் நம்பிக்கை கிடையாது. கொஞ்சம் கனமான கடிதமாக இருந்தால், படித்துப் பார்த்துப் பாரத்தைக் குறைக்காமல் கொண்டுபோகிற ஆள் எங்கே கிடைக்கிறான் என்று ஓரிடத்தில் சலித்துக்கொள்கிறார். ஊர்க்கதையை அனுப்பலாம், ராஜ்ய விஷயத்தை அனுப்பப் பயம். வாட்ஸப்பில் முழு என்கிரிப்ஷன் வந்த பிறகும் நாம் சில விஷயங்களை "நேர்ல சொல்றேன்" என்கிறோமே, அதே சங்கடம்தான்.

ரோமர்கள் முறையான கடிதங்களில், நீ நலமென்றால் நல்லது, நானும் நலம் என்ற பொருளில் முதலெழுத்துகளை மட்டும் போட்டு ஆரம்பிப்பார்கள். நம் 'நலம், நலமறிய ஆவல்' போல. தெரென்ஷியாவுக்கு எழுதும்போது சிசரோ இதைப் போடுகிறார். அட்டிகஸுக்கு எழுதும்போது இந்தச் சடங்கே இல்லை, நேராக விஷயத்துக்குள் குதிக்கிறார். மனைவிக்குச் சம்பிரதாயம், நண்பனுக்கு இல்லை. இதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று என் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

வரலாற்றுக்காரர்களைக் கடுப்பேற்றும் ஒரு இடைவெளி இந்தக் கடிதங்களில் உண்டு. கி.மு. 65இல் அட்டிகஸ் ரோமுக்குத் திரும்பினார். அந்த ஜூலைக்குப் பிறகு 61 ஜனவரி வரை அவருக்கு எழுதிய ஒரு கடிதம்கூடக் கிடையாது. அதற்குள்தான் சிசரோ கான்சல் ஆனது, கட்டிலைன் சதியைப் பிடித்தது, விசாரணையில்லாமல் ரோமக் குடிமக்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது எல்லாம் நடந்தன. அவருடைய வாழ்க்கையில் ஆகப் பெரிய வருஷத்தைப் பற்றி ஆகச் சிறந்த நண்பருக்கு ஒரு வரி இல்லை. காரணம் எளிது. இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தார்கள். சாயங்காலம் நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்திருப்பார்கள்.

இதைப் படித்த பிறகு என் ஃபைலிலும் போய்ப் பார்த்தேன். 2019 ஜூலையில் மூன்று வாரம் எங்களுக்குள் ஒரு செய்திகூட இல்லை. அவன் அப்போது சென்னையில், எங்கள் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தான்.

கடிதங்கள் திரும்பப் பெருகுவது பிரிவு வரும்போதுதான். 58இல் நாடு கடத்தப்பட்டபோது தெசலோனிகாவிலிருந்து எழுதியவை ஒரே அழுகை, அதை விட்டுவிடலாம். அட்டிகஸ் அந்தச் சமயத்தில் இரண்டரை லட்சம் செஸ்டர்ஸ் கையில் கொடுத்ததாக, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நெப்போஸ் சொல்கிறார். திரும்பி வந்த பிறகு 56இல் ஆன்ஷியம் கடற்கரை வீட்டில் சிதறிக் கிடந்த புத்தகங்களை அடுக்குகிற கதை எனக்குப் பிடித்தது. டைரனியோ என்ற கிரேக்க அறிஞர் அடுக்கிக் கொடுக்கிறார். ஒட்டுவதற்கும், சுருளில் பெயர்ச்சீட்டு கட்டுவதற்கும் உன் ஆட்கள் இரண்டு பேரை அனுப்பு என்று அட்டிகஸிடம் கேட்கிறார். வேலை முடிந்ததும், வீட்டுக்கே உயிர் வந்த மாதிரி இருக்கிறது என்று எழுதுகிறார். வீடு மாற்றி, அட்டைப்பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து அலமாரியில் அடுக்கிய எவருக்கும் இது புரியும்.

51இல் சிசரோ இன்றைய துருக்கியின் தென்பகுதியான சிலிசியாவுக்கு ஆளுநராகப் புறப்பட வேண்டியிருந்தது. அவருக்குப் போக இஷ்டமே இல்லை. வழியில் மின்டர்னேயிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு குடும்பச் சண்டை வருகிறது. அதன் தொடக்கமே அருமை. அட்டிகஸ் தன் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, தாளின் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி சேர்த்திருக்கிறார், தங்கையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று. இன்லேண்ட் லெட்டரின் மடிப்பில் நாம் எழுதுவோமே, அந்த வரி. அந்தக் குறுக்கு வரிக்கு இப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு சிசரோ நடந்ததைச் சொல்கிறார்.

குவின்டஸின் பண்ணைவீட்டில் மத்தியானச் சாப்பாடு. குவின்டஸ் மனைவியிடம் நயமாகத்தான், நீ பெண்களைக் கூப்பிடு, நான் ஆண்களைக் கூப்பிடுகிறேன் என்கிறான். பொம்போனியா எல்லார் முன்னாலும், நானே இங்கே விருந்தாளிதானே என்கிறாள். சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்க ஸ்டேஷியஸ் என்ற, குவின்டஸின் செல்லப்பிள்ளையாக இருந்த முன்னாள் அடிமையை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள், அந்தக் கோபம். தினமும் எனக்கு இதுதான் பாடு, பார்த்துக்கொள் என்று தம்பி அண்ணனிடம் சொல்கிறான். அவள் பந்திக்கு வரவில்லை. உள்ளே கொடுத்தனுப்பினால் தொடவும் இல்லை. அவள்மீதுதான் தப்பு என்று சிசரோ தீர்ப்புச் சொல்லிவிட்டு, நீயே அவளிடம் சொல் என்று அட்டிகஸிடம் தள்ளிவிடுகிறார். எனக்கு என்னவோ பொம்போனியா பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. கட்டிக்கொண்டு வந்து பதினேழு, பதினெட்டு வருஷம் ஆனவளின் வீட்டுச் சமையலறையை இன்னொருவனிடம் விட்டுவிட்டு, விருந்தாளிகளை மட்டும் நீ கூப்பிடு என்றால்? அட்டிகஸ் என்ன பதில் எழுதினார் என்று படிக்க ஆசையாக இருக்கிறது. தங்கையா, நண்பனா?

அந்த வருஷம் செப்டம்பரில் சிலிசியா பக்கம் முகாமில் இருந்தபோது அட்டிகஸின் கடிதம் ஒன்று கிடைக்கிறது. ரோமிலிருந்து கிளம்பி 47ஆம் நாள். அதையும் வேகமாக வந்துவிட்டது என்று சொல்லி, அடேயப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று மூச்சுவிடுகிறார். அட்டிகஸ் ஐம்பதைத் தாண்டித்தான் பிலியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இப்போது ஒரு பெண் குழந்தை. உன் மகள் உனக்குச் சந்தோஷம் தருகிறாள் என்பது எனக்கும் சந்தோஷம். நான் இன்னும் பார்க்கவே இல்லை, ஆனாலும் அவள்மேல் எனக்குப் பிரியம், பிரியத்துக்குரியவளாகத்தான் இருப்பாள் என்று உறுதியாகத் தெரியும் என்கிறார். குழந்தையின் பெயர் அட்டிகா. தகப்பனுக்கு ஒட்டிக்கொண்ட ஊர்ப்பெயர்தான் மகளுக்கும்.

அவர் அங்கே இருக்கும்போதே, ரோமில் துல்லியாவுக்கு மூன்றாவது கல்யாணமும் நடந்துவிட்டது. மாப்பிள்ளை டோலபெல்லா, அழகன், ஊதாரி. அப்பாவுக்குச் செய்தி கடிதத்தில் வந்தது.

திரும்பும் வழியில் 50 அக்டோபர் 14 அன்று பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிறார். ரோமிலிருந்து 21 நாளில் ஓடிவந்த அகாஸ்டஸ் என்ற அவருடைய ஆள், அட்டிகஸின் கடிதத்தைக் கொடுக்கிறான். முத்திரையோடு பார்த்தபோதே, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று ஆச்சரியம். பிரித்தால் எழுத்துகள் குழம்பிக் கிடக்கின்றன. அட்டிகஸின் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக, அவ்வளவு தெளிவாக இருக்குமாம். படிப்பதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. காய்ச்சலோடு ரோமுக்கு வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தார்.

அட்டிகஸின் கடிதம் ஒன்றுகூட நம் கையில் இல்லை என்றேன். ஆனால் இந்த இடத்தில் அவருடைய கையெழுத்து எனக்குத் தெரிகிறது. நல்ல நாளில் எப்படி இருக்கும் என்பதும், காய்ச்சல் நாளில் எப்படி இருக்கும் என்பதும்.

அது முறைக்காய்ச்சல். இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் வருகிற வகை. மலேரியாவில் ஒரு வகைக்கு இதுதான் அடையாளம். 49 மார்ச்சில், சீசர் இத்தாலிக்குள் படையோடு இறங்கிவிட்டார், பாம்பே பிரன்டிசியத்துக்குப் பின்வாங்கிவிட்டார், நாடே தலைகீழாகக் கிடக்கிறது, சிசரோ யார் பக்கம் போவது என்று தவிக்கிறார். அதே கடிதங்களில் நண்பனின் காய்ச்சலுக்கு நாள்கணக்கும் ஓடுகிறது. இன்று உன் முறைநாள், காய்ச்சல் விட்ட இடைவெளியில் நீ எழுதிய சின்னக் கடிதம் வந்தது, இப்படி. இரண்டு ஊரிலும் ஒரே காய்ச்சல் அட்டவணை.

அந்த மார்ச் 18ஆம் தேதி ஃபார்மியாவில் மனம் நிலைகொள்ளாமல் ஒரு காரியம் செய்கிறார். அட்டிகஸ் தனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் ஒன்றாக ஒட்டி, முத்திரை வைத்துப் பாதுகாத்த சுருளைப் பிரித்து உட்கார்ந்து படிக்கிறார். படித்துவிட்டு, நீ இந்தத் தேதியில் இப்படிச் சொன்னாய், அந்தத் தேதியில் அப்படிச் சொன்னாய் என்று அட்டிகஸின் வாக்கியங்களையே தேதிவாரியாக எடுத்து அவருக்கே திருப்பி எழுதுகிறார். இத்தாலியை விட்டுப் போகாதே என்று சொன்னவன் நீதானே என்பது சாரம். எனக்குத் தெரிந்து அட்டிகஸின் குரலை இவ்வளவு தொடர்ச்சியாகக் கேட்க முடிகிற இடம் வேறு இல்லை. அவர் தன் கையால் எழுதியது அழிந்தது, நண்பன் பயந்துபோய்ப் பார்த்து எழுதியது தங்கிவிட்டது.

45 பிப்ரவரியில் துல்லியா இறந்துபோனாள். டோலபெல்லாவோடு மணவாழ்க்கை அதற்கு முன்பே முறிந்திருந்தது. ஜனவரியில் ஆண் குழந்தை பிறந்தது, அடுத்த மாதம் டஸ்குலம் வீட்டில் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது.

சிசரோ நேராக அட்டிகஸின் வீட்டுக்குத்தான் போனார். அங்கே துக்கத்தைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் ஒன்று விடாமல் படித்ததாகச் சொல்கிறார். பிறகு மார்ச் தொடக்கத்தில் ஆஸ்துரா என்ற கடலோர வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டார். அங்கிருந்து அநேகமாகத் தினம் ஒரு கடிதம். காலையில் முள் அடர்ந்த காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறேன், இருட்டும்வரை வெளியே வருவதில்லை. உனக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்த துணை தனிமைதான். புத்தகங்களோடுதான் பேச்சு, அதையும் அழுகை நடுவில் நிறுத்திவிடுகிறது. இது மார்ச் 9.

இதற்கு இரண்டு நாள் முன்னால், மார்ச் 7 அன்று எழுதிய கடிதம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அட்டிகாவை நினைத்தால் கவலையாக இருக்கிறது, ஆனால் கிராட்டெரஸ் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கிராட்டெரஸ் ஒரு வைத்தியர். அட்டிகாவுக்கு அப்போது ஆறு வயது இருக்கும், அடிக்கடி உடம்புக்கு வந்துவிடும். இந்த வாக்கியத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மகளைக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நண்பன் தன் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்பதை இவருக்கு எழுதியிருக்கிறார். இந்த நேரத்தில் இவரிடம் போய் இதைச் சொல்லலாமா என்று அவர் மறைக்கவில்லை. வைத்தியர் என்ன சொன்னார் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார். சிசரோவும் தன் அழுகைக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்கிறார்.

நானாக இருந்தால் மறைத்திருப்பேன். மறைத்திருக்கிறேன். நண்பனுடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று தெரிந்த வாரம் என் அம்மாவுக்கு ஆஞ்சியோ செய்தார்கள், அவனிடம் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்துத் தெரிந்தபோது அவன் கோபப்பட்டது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அந்த மார்ச்சில் சிசரோ கேட்ட இன்னொரு விஷயம், என்னைப் போல நூலகத்தில் உட்காருகிறவர்களுக்கு நன்றாகப் புரியும். தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொள்ள ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். அதற்காக அட்டிகஸுக்குக் கேள்வி அனுப்புகிறார். கப்பல் விபத்தில் செத்த கேபியோ, தன் அப்பா உயிரோடு இருக்கும்போது செத்தானா, அப்பா போன பிறகா? ருட்டிலியா தன் மகன் கோட்டாவுக்கு முன்னால் போனாளா, பின்னால் போனாளா? பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு உயிரோடு இருந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கிறார். பார்த்தால் அடிக்குறிப்புக்குத் தகவல் சரிபார்ப்பது போல இருக்கும். அட்டிகஸும் தேடித் தேடிப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நூலும் இப்போது இல்லை. 1583இல் வெனிஸில் அது கிடைத்துவிட்டதாக ஒன்றை அச்சிட்டார்கள், போலி.

மகளுக்குச் சமாதி வேண்டாம், கோயில் மாதிரி ஒன்று கட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. அதற்கு இடம் பார்க்கச் சொல்லி டைபர் நதிக்கு அக்கரையில் யார் தோட்டம் விலைக்கு வரும், யாரிடம் எவ்வளவு பாக்கி வரவேண்டியிருக்கிறது, எதை விற்றால் எவ்வளவு தேறும் என்று மாதக்கணக்கில் கடிதங்கள். ஒரு தரகுக் கோப்பு மாதிரியே இருக்கும். ஊரில் எல்லாரும் நீ ரொம்பத்தான் துக்கம் கொண்டாடுகிறாய் என்று பேசுகிறார்கள், வந்து சேர் என்று அட்டிகஸ் எழுதியிருக்கிறார். என்னைக் குறை சொல்கிறவர்கள் ஜாலியாக இருக்கிறார்களே, நான் எழுதித் தள்ளியதை அவர்களால் படித்து முடிக்கக்கூட முடியாது என்று சூடாகப் பதில் போகிறது. இடம் அமையவில்லை, கோயில் கட்டவும் இல்லை.

கடைசிக் கடிதம் 44 நவம்பர். அடுத்த வருஷம் சிசரோ ரோமில் இருந்தார், அட்டிகஸும் அங்கேதான். அதனால் மறுபடியும் மௌனம். 43 டிசம்பர் 7 அன்று ஆன்டனியின் ஆட்கள் ஃபார்மியா வீட்டுப் பக்கத்தில் பல்லக்கை மறித்து அவர் தலையை வெட்டினார்கள்.

அட்டிகஸ் இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். அட்டிகா பிழைத்து வளர்ந்து, அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுடைய பெண் வைப்சானியாவை ஒரு வயது நிரம்பும்போதே டைபீரியஸுக்கு என்று பேசி முடித்தார்கள். பின்னால் பேரரசரானாரே, அந்த டைபீரியஸ். முப்பது வருஷமாக மருந்தே தொடாமல் இருந்த அட்டிகஸுக்கு 77 வயதில் குடலில் நோய் வந்தது. மருமகன் அக்ரிப்பாவையும் இரண்டு நண்பர்களையும் கூப்பிட்டு, இனிச் சாப்பிடப் போவதில்லை, தடுக்காதீர்கள் என்றார். அக்ரிப்பா அழுதார். இரண்டு நாள் பட்டினியில் காய்ச்சல் விட்டுப்போனது. அப்படியும் மனம் மாறவில்லை. ஐந்தாம் நாள், கி.மு. 32 மார்ச் 31, போய்ச் சேர்ந்தார்.

சிசரோவின் கடிதச் சுருள்களைப் பற்றி நெப்போஸ் எழுதியிருக்கிறார். 1345இல் வெரோனா தேவாலய நூலகத்தில் பெட்ரார்க் அவற்றின் ஒரு பிரதியைக் கண்டுபிடித்துத் தன் கையாலேயே நகல் எடுத்தார். இத்தனை புலம்பலும் தடுமாற்றமும் உள்ள ஆளா நம் சிசரோ என்று மனம் நொந்து, செத்துப்போன சிசரோவுக்கே ஒரு கடிதமும் எழுதினார். அந்த வெரோனா பிரதியும் போய்விட்டது, பெட்ரார்க்கின் நகலும் போய்விட்டது. வேறு நகல்கள் வழியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது.

என் ஃபைலுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட் 4, காலை 9:12. நண்பனின் எண்ணிலிருந்து 'மீடியா விடுபட்டது'. அதற்குக் கீழே 9:15க்கு நான் எழுதியிருப்பது:

"சரிப்பா. தாராசுரம் காலைலயே போயிடறேன், வெயில் ஏறி கல்லு சுடறதுக்குள்ள. குடந்தைல நீங்க சொன்ன கடைலயே காபி. ஆனா என்னைப் போய் இன்னும் தம்பின்னு கூப்பிடறீங்களே, எனக்கு முடி பாதி நரைச்சாச்சு. முட்டிவலிக்கு எண்ணெய் அம்மாகிட்ட சொல்லிட்டேன், செக்குல ஆட்டினதுதான் வாங்கணும், புரிஞ்சுது."

இதை அப்படியே வெட்டி எடுத்து, தேதி நேரத்தோடு நண்பனுக்கு அனுப்பினேன். குரல் இல்லைடா, இதுதான் இருக்கு என்று எழுதினேன். கூடவே, அம்மாவுக்குப் போன வாரம் எடுத்த எக்கோவில் வந்த எண்ணையும் எழுதினேன்.

பத்து நிமிஷம் கழித்து அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, இரண்டு நிமிஷம் பதினெட்டு நொடி. அதை முதலில் லேப்டாப்பில் இறக்கி வைத்துவிட்டு, அப்புறம் கேட்டேன்.